காலியாக இல்லை

புந்தா அரேனாஸில் காற்று மிஞ்சும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
இன்று கட்டியிருந்தார்கள்.
நோல்ஃபா ஒயார்சுன் கயிறு விட்டுக் கயிறு தாவி
இரண்டாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது
மணி ஏழு. ஹீட்டர் செத்திருந்தது.

பழைய வட்டை நாளைக் காலைக்குள்
திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.
அதில் பதினோராயிரத்து நானூற்று எண்பத்திரண்டு கோப்புகள்:
மகெல்லன் நீரிணைக்குள் தொங்கவிட்ட ஒலிவாங்கிகள்
ஒன்பது ஆண்டுகளாய்க் கேட்டவை.
திமிங்கிலம் கொஞ்சம். கப்பல் நிறைய.
மிச்சமெல்லாம் தண்ணீர்
தண்ணீர்மேல் உரசுவது.

ஒவ்வொன்றாய்ச் சுட்டியால் தொட்டால்
பனிக்காலம் வந்துவிடும்.
கறுப்புத் திரையைத் திறந்தாள்.

முதலில் கேள்விக்குறி.
அவள் மொழியில் ஒரு கேள்விக்கு இரண்டு குறி,
தலைகீழாய் ஒன்று முன்னால் நின்று
வாசலிலேயே எச்சரிக்கும்.
இங்கே ஒன்று போதும். அதுவும் கேள்வியில்லை,
யாரோ ஓர் எழுத்து, ஒரே எழுத்து, வந்து உட்கார
இழுத்துப்போட்ட நாற்காலி.
2016-0? என்றால் ஜனவரி முதல் செப்டம்பர் வரை
எழுந்து நிற்கும்.
அக்டோபர் அசையாது. அதற்கு 1? போட வேண்டும்.
சதுர அடைப்புக்குள் [37] என்றால்
மூன்றாம் மிதவை வரும், ஏழாவது வரும்;
முப்பத்தேழு வராது.
இந்தக் கண்டிப்பு அவளுக்குப் பிடிக்கும்.

எல்லாம் எண்ணிச் சரிபார்த்த பிறகு
நட்சத்திரம்.
எத்தனை எழுத்தானாலும், எந்த எழுத்தானாலும்,
எழுத்தே இல்லாவிட்டாலும்.
நகர்த்துமுன் ஒருமுறை
சும்மா சொல்லிக் காட்டச் சொன்னாள்
(ஓர் இடைவெளி கூடுதலாய் விழுந்து
முழுக் கோடைக்காலமே அழிந்ததிலிருந்து
இந்தப் பழக்கம்).
ஒரே நட்சத்திரம் உடைந்து
திரை கொள்ளாமல் பெயர்கள் கொட்டின.
சரி என்றாள், யாரிடமோ. நகர்த்தினாள்.
கோப்பையில் மாத்தே ஆறிப்போகும்வரை ஓடியது.

காலிக் கோப்புறையை நீக்கு என்றாள்.
காலியாக இல்லை என்றது.
பட்டியல் கேட்டாள். ஒன்றும் வரவில்லை.
மறுபடி, நீக்கு.
காலியாக இல்லை.
காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து ஆட்டியது.

நட்சத்திரம் எல்லாவற்றையும் அள்ளும் என்பது
முக்கால் உண்மை.
பெயரின் தலையில் புள்ளி வைத்த கோப்பை
அது தொடாது.
கட்டளைக் கலித்துறைக்கு எழுத்தெண்ணுகிறவர்
ஒற்றெழுத்துகளை விட்டுவிட்டு எண்ணுவதுபோல்
தாண்டிப் போய்விடும்.
நம் எழுத்தில் புள்ளி பெற்றது மெய்.
அங்கே புள்ளி பெற்றது மறைவு.
ஒற்று என்றால் வேவு என்றும் பொருள் உண்டு என்பதை
நோல்ஃபாவுக்கு நான் எந்த மொழியில் சொல்ல?

மறைந்ததையும் காட்டு என்று ஓர் எழுத்தைச் சேர்த்தாள்.
.ரீசா
என்று வந்தது. சிரிப்பு.
2016 மார்ச். இரண்டு நிமிடம், பதினொரு விநாடி.

காதில் மாட்டினாள். சங்கிலி. கடற்காகம்.
எலியேசெர் பரீயாவின் கெட்ட வார்த்தைகள்,
ஏழு தலைமுறை நீளம்:
ஒலிவாங்கியைப் படகிலிருந்து இறக்க மறந்து
காற்றிலேயே பதிவைத் தொடங்கியிருக்கிறான்.
அப்புறம் ஒரு பெண் சிரிக்கிறாள்,
மூச்சு முட்டி, நிறுத்தி, மறுபடி.
ஏதோ ஒன்று கீழே விழுந்து உருள்கிறது.
யார் இவள் என்று கொஞ்சநேரம் யோசித்தாள்.
உருண்டது பச்சைத் தெர்மோஸ்.
அடி நசுங்கி இன்னும் இருக்கிறது, வீட்டில்.

கெட்டுப்போன பதிவு என்று இயக்குநர் அழித்திருப்பார்.
எலியேசெர் ஒரு புள்ளி வைத்து ஒளித்திருக்கிறான்.
சொல்லவில்லை. இப்போது வடக்கே, கலாமாவில்,
தாமிரம் ஏற்றிய லாரி ஓட்டுகிறான்.

புள்ளிக்குப் பின் நட்சத்திரம் போடலாம்தான்.
போடவில்லை.
விறைத்த விரலால் ஒவ்வோர் எழுத்தாய்
முழுப் பெயரையும் தட்டினாள்.

நீக்கு.
இந்தமுறை அது எதுவும் சொல்லவில்லை,
வேலை முடிந்தால் பேசாத சாதி அது.

புதிய வட்டில் அந்தப் புள்ளியை
எடுத்துவிடலாமா என்று பார்த்தாள்.
கோட்டை மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்து,
மறுபடி வந்து பார்த்தாள்.
இருக்கட்டும்.